கூரைப் பாலத்து மாப்பிள்ளை

அத்தியாயம் 5

மாப்பிள்ளை நான்கு படங்களில் இருந்தார். நான்கிலும் உட்கார்ந்தே இருந்தார்.

“காலிலை ஏதும் பிழையோ அண்ணை?” என்று விமலராணி கேட்டாள்.

நகுலேஸ்வரன் உடனே பதில் சொல்லவில்லை. கேட்டவுடன் பதில் சொல்லும் துப்பறிவாளனை எவரும் மதிப்பதில்லை என்பது அவருடைய நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவர் அவர். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த பிறகு ஒரு வழக்கறிஞர் வீட்டில் சமைத்தார், துடைத்தார், வழக்கறிஞரின் நாயைக் குளிப்பாட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், போர்கோ வெக்கியோவில் தன் குசினி மேசையில் உட்கார்ந்து தமிழ்ச் சனத்தின் மர்மங்களைத் துலக்கினார். அதற்கென்றே வீட்டுக்கார சின்யோரா எறிந்த ஒரு பூதக்கண்ணாடியைக் கழுவி எடுத்து வைத்திருந்தார்.

“சுவிஸ் எல்லோ அக்கா,” என்றான் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்ற செர்ஜ். “அங்கை நிக்கிறதுக்கும் வரி கேப்பாங்கள்.”

செர்ஜ் மொரிசியஸ்காரன். பூட்டன் காலத்தில் தமிழர். இவன் காலத்தில் கோயில் பாட்டு மட்டும் மிச்சம். பேச்சுத் தமிழை நகுலேஸ்வரன் வீட்டில் ஓர் அறை எடுத்துத்தான் பழகினான். பழகியதில் முதலில் வந்தது நக்கல். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தது.

விமலராணி சிரிக்கவில்லை. நாற்பத்தாறு வயது, மெலிந்த உடம்பு, எட்டு வீட்டுப் படிகளைத் தேய்த்த கைகள். படங்களை மேசையில் வைத்தவள், அவற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“பேர் பிரசாந். சுவிஸிலை, பேர்ண் நகரத்திலை, ரெஸ்ரோரண்டிலை சமைக்கிறாராம். கடிதத்திலைதான் கலியாணம் பேசினவை. வாற ஞாயிறு மறுமொழி குடுக்கவேணும். அவர் உண்மையாய் சுவிஸிலைதான் இருக்கிறாரோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை. வேறை ஒண்டும் வேண்டாம்.”

“பிள்ளை என்ன சொல்லுறாள்?”

“கிருசாந்தினியோ? படத்தைப் பாத்த உடனை சரி எண்டிட்டாள். ஒரு கத்தரிக்காய் வாங்கவே அரை மணித்தியாலம் எடுக்கிறவள்.” விமலராணி மூக்கை உறிஞ்சினாள். “நல்ல இடம் அமையவேணும் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுறாள். வியாழக்கிழமையிலை தையல் பழகப் போறாள். நல்ல பிள்ளை.”

நகுலேஸ்வரன் பூதக்கண்ணாடியை எடுத்தார். நான்கு படங்களிலும் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு மரப்பாலம். பக்கமெல்லாம் பலகை அடித்து, மேலே வீட்டுக்கூரை போலக் கூரை போட்டிருந்தது. “இது எம்மென்டால் பள்ளத்தாக்குப் பாலம். இஞ்சை பாலங்களுக்குக் கூரை போடுவினம்” என்று ஒரு படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது.

“போர்கோ வெக்கியோவிலை மனிசருக்கே ஒழுகாத கூரை இல்லை,” என்றான் செர்ஜ். “அங்கை பாலத்துக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கினம்.”

வாசல்வரை போன விமலராணி திரும்பினாள். “இந்தப் பாலத்துக்கு இஞ்சையிருந்து எவ்வளவு நேரம்?”

“ரெயினிலை எண்டால் ஒரு பகலும் ஒரு இரவும் வேணும் அக்கா.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நகுலேஸ்வரனுக்கு இது விளங்காத கதையல்ல. விமலராணி இரண்டு வருடமாக வந்த சம்பந்தங்களை எல்லாம் எப்படித் தட்டினாள் என்பது தெரு முழுக்கத் தெரியும். கத்தானியாவில் ஹொட்டேல் வேலை செய்யும் பெடியன் ஒருவன் வந்தான். வியா மக்வேதாத் தெருவில் கடையில் நிற்கிற பெடியன் ஒருவன் வந்தான். “சுவிஸ் மாப்பிள்ளை எண்டால் கதையுங்கோ, இல்லாட்டி வேண்டாம்” என்று இரண்டு பேரையும் வாசலோடு அனுப்பினாள். இப்போது ஒருவன் சுவிஸிலிருந்து வந்துவிட்டான். மனுசி ஆசைப்பட்டது உண்மையாக இருக்கவேண்டுமே என்று அவர் மனதார நினைத்தார். நினைத்துக்கொண்டே அதைப் பொய்யாக்கும் வேலையைத் தொடங்கினார்.

“செர்ஜ், படத்தின்ரை மூலையைப் பார். செம்மஞ்சள் எழுத்து.”

அந்தக் காலத்துக் கமராக்கள் படம் எடுத்த திகதியைப் படத்திலேயே குத்திவிடும். கமராக்காரருக்கு அது வசதி. கள்ளருக்கு அது வினை.

“தொண்ணூற்றாறு, பெப்ரவரி எட்டு,” என்று வாசித்தான் செர்ஜ். “பதினெட்டு. இருபத்தொன்பது. மார்ச் பத்து.”

நகுலேஸ்வரன் எழுந்துபோய் இறைச்சிக் கடைக்காரன் கொடுத்த சாந்தா ரொசாலியா கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினார். ஒவ்வொரு திகதியிலும் விரலை வைத்தார். அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. செர்ஜுக்கு அந்தப் புன்னகை பிடிக்காது. அது வந்தால் அரை மணி நேரம் விளக்கம் கேட்க வேண்டும்.

“வியாழன். ஞாயிறு. வியாழன். ஞாயிறு. ஞாயிறு மத்தியானம் ரெஸ்ரோரண்டிலை சனம் முட்டி வழியும். அந்த நேரம் சமையல்காரன் பாலத்தடியிலை இருந்து பல்லுக் காட்டுவானோ? இல்லை. செர்ஜ், உலகத்திலை வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு எடுக்கிற சாதி எது?”

செர்ஜ் சாய்ந்திருந்த இடத்திலிருந்து நிமிர்ந்தான். அவனுக்கும் அதே லீவுதான். அவருக்கும் அதேதான். பலெர்மோவில் வீட்டுவேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அதேதான்.

“எங்கடை ஆள்!”

“இத்தாலியிலை வீட்டோடை நிண்டு வேலை செய்யிற ஆள்.” நகுலேஸ்வரன் கண்ணாடியை நகர்த்தினார். “இன்னும் இருக்கு. புல்லிலை விழுந்த நிழலைப் பார். படம் எடுத்த ஆளின்ரை நிழல். முழங்கையிலை ஒரு பை தொங்குது. கைப்பை. நாலு படத்திலையும் அதே நிழல், அதே பை.”

“பொம்பிளை.”

“பெண்சாதி,” என்றார் நகுலேஸ்வரன், கலங்கிப்போய். “பெண்சாதியைக் கொண்டே படம் எடுப்பிச்சு அடுத்த பெண்சாதிக்கு அனுப்புறான், படுபாவி. செர்ஜ், இந்த விமலராணி ஒரு புருசனைத் தின்னக் குடுத்து, தனியாய் நிண்டு மகளை வளத்த மனுசி. இது தெரிஞ்சால் அவ என்ன ஆவா?”

அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது. செர்ஜ் கண்ணாடியை வாங்கி, தானும் ஏதாவது கண்டுபிடிக்கலாமா என்று கடைசிப் படத்தை மேய்ந்தான். திடீரென்று கெக்கட்டம் விட்டுச் சிரித்தான்.

“அண்ணை, இவரை எனக்குத் தெரியும்!”

“மாப்பிள்ளையையோ?”

“இல்லை, பின்னாலை மதிலிலை இருக்கிறவரை.”

கூரைக்கும் மரக்கிளைக்கும் நடுவே, விரல் நகமளவில், ஒரு கல் பூதம் தெரிந்தது. கூன் முதுகு, ஒற்றைக் காது, வாயில் ஊதுகுழல்.

“பகேரியாவிலை பழைய வில்லா ஒண்டிலை ரெண்டு வருசம் வேலை செய்தனான். சின்யோரா என்னைக் கொண்டு இந்தப் பூதங்களைப் பல்லுத் தேய்க்கிற பிரஷாலை தேய்ப்பிச்சவ. இவரின்ரை மூக்கை நான் எத்தினை நாள் நோண்டியிருப்பன்! மற்றக் காது நான்தான் உடைச்சது. மதிலுக்கு அங்காலை ஒரு கிழவன்ரை வீடு.”

நகுலேஸ்வரன் பூதக்கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தன் திகதிக் கண்டுபிடிப்பை ஒரு காது விழுங்கிவிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

*

வியாழன் பின்னேரம் இருவரும் பகேரியா ரெயினில் ஏறினார்கள். நகுலேஸ்வரன் மாறுவேடத்தில் இருந்தார். வழக்கறிஞரின் பழைய தொப்பி, கையில் ஓர் அளவுநாடா. காஸ் குழாய் பரிசோதகர் என்று திட்டம். செர்ஜைத் தன் உதவியாளன் என்று சொல்ல இருந்தார். அதற்கு வேடம் தேவைப்படவில்லை.

பதினைந்து நிமிடத்தில் ரெயின் நின்றது. “சுவிஸ் கிட்டத்தான்,” என்றான் செர்ஜ்.

எலுமிச்சைத் தோட்டத்து மதில் ஓரமாக நடந்து, இரும்புக் கதவொன்றில் மணியை அடித்தார்கள். எண்பது வயது மதிக்கத்தக்க, நெடிய, வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் திறந்தார். நகுலேஸ்வரன் தொப்பியைத் தொட்டு, பாடமாக்கிய இத்தாலிய வசனத்தைத் தொடங்கினார்.

கிழவர் அளவுநாடாவைக் கண்டார். கண்கள் மின்னின. “பாலம் பார்க்க வந்தீர்களா?”

“ஓம், பாலம்தான்,” என்று செர்ஜ் இத்தாலியனில் முந்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு காஸ் குழாயைப் பற்றிப் பேச இடமிருக்கவில்லை. கிழவரின் பெயர் கொன்ஸ்ரன்ரைன். சுவிஸ்காரர், பொறியியலாளர், எம்மென்டாலில் பிறந்தவர். சிசிலிப் பெண்ணைக் கட்டி இங்கே வந்து, அவள் செத்த பிறகு ஊருக்குத் திரும்ப மனமில்லாமல், ஊரிலிருந்து ஒரு பாலத்தை மட்டும் தோட்டத்துக்கு வரவழைத்துக்கொண்டவர். எலுமிச்சைக்கு நீர் பாய்ந்து இப்போது காய்ந்து கிடந்த வாய்க்காலுக்கு மேலே அது நின்றது. உத்தரம், பலகை, ஆப்பு, கூரை ஓடு, ஒன்றும் குறையவில்லை. அளவு மட்டும் மூன்றிலொன்று.

“ஏன் கூரை என்று எல்லோரும் கேட்கிறார்கள்,” என்றார் கொன்ஸ்ரன்ரைன், யாரும் கேட்காமலே. “நடக்கிறவர் நனையாமல் இருக்க என்று நினைக்கிறார்கள். தவறு! நடக்கிறவர் நனைந்தால் காய்ந்துவிடுவார். உத்தரம் நனைந்தால் உக்கிவிடும். கூரை பாலத்துக்குத்தான். எங்கள் பக்கத்தில் இருநூறு வருடப் பாலத்தில் இன்றும் வைக்கோல் வண்டி போகிறது.”

“இதிலை என்ன போகும்?” என்று கேட்டான் செர்ஜ்.

“பூனை,” என்றார் கொன்ஸ்ரன்ரைன் பெருமையோடு.

நகுலேஸ்வரன் உள்ளே எட்டிப் பார்க்கக் குனிந்தார். போதுமான அளவு குனியவில்லை. நெற்றி உத்தரத்தில் இடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பாலத்துக்குப் பின்னால் எண்ணெய்த் துணியோடு குந்தியிருந்த ஒருவன் எழுந்தான். எழுந்தான், எழுந்துகொண்டே இருந்தான். கூரை முகட்டுக்கு மேலே அவன் தலை வந்து நின்றது.

நான்கு படங்களிலும் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குக் காலில் எந்தப் பிழையும் இல்லை. நின்றால்தான் பிழை.

“பிரசாந்!” என்றார் நகுலேஸ்வரன், நெற்றியைப் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை பயங்கரமான குரலில். “எங்கை உன்ரை பெண்சாதி?”

பெடியன் வாயைத் திறக்கமுன் எலுமிச்சை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“பிரசாந், இந்த முறை கொஞ்சம் இடப்பக்கமாய் இருங்கோ. போன படத்திலை அந்தப் பூதம் விழுந்திட்டுது.”

முழங்கையில் கைப்பையும் கையில் கமராவுமாக வந்தவள் கிருசாந்தினி.

நகுலேஸ்வரன் தொப்பியைக் கழற்றினார். தொப்பி இருக்கும்போது அவருக்கு எதுவும் ஓடவில்லை.

“மாமா,” என்றாள் அவள். முகம் வெளிறிவிட்டது.

“நீ தையல் வகுப்பிலை எல்லோ நிக்கிறாய்?”

“ஒண்டரை வருசமாய்ப் பழகிறா,” என்றான் செர்ஜ். “இன்னும் ஊசி வாங்கேல்லைப் போலை.”

பிறகு நான்கு பேரும் பாலத்தின் முன்பலகையில் உட்கார்ந்தார்கள். அதில் உட்காரத்தான் முடியும். கொன்ஸ்ரன்ரைன் தேத்தண்ணி போடப் போனார். தன் பாலத்தை இத்தனை பேர் பார்க்க வந்த நாள் அவருக்கு இதுவரை அமைந்ததில்லை. கிருசாந்தினி அழுதழுது சொன்னாள். பகேரியா ரெயினில் கண்டு பழகினார்களாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சுவிஸ் இல்லாத மாப்பிள்ளை என்றால் அம்மா வாசலையே திறக்கமாட்டா.

“அதாலை ஒரு சுவிஸைக் கட்டினம்,” என்றான் பிரசாந் தலைகுனிந்து. “பாலம் இருந்துது. பேர்ணிலை ஒரு சிநேகிதன் இருக்கிறான், கடிதத்தை அங்கையிருந்து தபாலிலை போட்டான்.”

“கலியாணத்துக்குப் பிறகு சுவிஸ் எங்கை எண்டு கேட்டால்?”

“விசாப் பெர்மெசோவிலை பிழை, திருப்பி அனுப்பிப் போட்டாங்கள் எண்டு சொல்ல நினைச்சம் ஐயா.”

“நல்ல திட்டம்,” என்றான் செர்ஜ். “மருமகனை நாடுகடத்தி மாமியார் வீட்டிலை விடுறது.”

கிருசாந்தினி நகுலேஸ்வரனின் கையைப் பிடித்தாள். “மாமா, ஞாயிற்றுக்கிழமை அம்மாவிட்டை சுவிஸ் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி அம்மா இவரை என்ரை கண்ணிலை காட்டமாட்டா. எனக்கு இவரை விட்டால் வேறை ஒருத்தரும் வேண்டாம்.”

நகுலேஸ்வரன் பெடியனைப் பார்த்தார். எண்ணெய்த் துணியை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தான். ஒரு கிழவனின் பொம்மைப் பாலத்துக்கு வேலை நாளிலும் எண்ணெய் பூசி, லீவு நாளிலும் பூசுகிறவன். கெட்டவனாக இருக்க அவனுக்கு நேரமே இல்லை என்று அவருக்குப் பட்டது.

*

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு விமலராணி வீட்டில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கிருசாந்தினி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போய்விட்டாள், அதாவது பகேரியாவுக்கு.

நகுலேஸ்வரன் பொய் றிப்போட் எழுதியதில்லை. அது அவர் பெருமை. மூன்று இரவு இருந்து, ஒரு சொல்லும் பொய்யில்லாத ஒரு பொய்யை எழுதியிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“ஒன்று. படத்திலுள்ள பாலத்தை நான் நேரில் போய்ப் பார்த்தேன். அதில் என் நெற்றி இடிபட்டது.”

“நெற்றிக்கு நான் சாட்சி,” என்றான் செர்ஜ்.

“இரண்டு. அது எம்மென்டால் முறைப்படி, சுவிஸ்காரர் ஒருவரின் கையால் கட்டப்பட்டது. மூன்று. மாப்பிள்ளை ஒரு சுவிஸ்காரரிடம் நல்ல பெயரோடு வேலை செய்கிறார். நான்கு. அவருக்கு வேறு பெண்சாதி இல்லை.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மனுசி சந்தோசத்தில் அழப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழத்தான் செய்தாள். ஆனால் அது சந்தோசமாகத் தெரியவில்லை. நான்கு படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து முகம் தெரியாதபடி கவிழ்த்து வைத்தாள்.

“அப்ப சுவிஸ்தான்,” என்றாள். “நீங்கள் போனால் பொய் எண்டு வரும் எண்டு நினைச்சன் அண்ணை. வரவேணும் எண்டு நேத்திக்கடன் வைச்சனான்.”

“என்ன தங்கச்சி சொல்லுறீங்கள்? சுவிஸ் மாப்பிள்ளைதான் வேணும் எண்டு ஊர் முழுக்கச் சொன்னது நீங்கள் எல்லோ?”

“ஓம், சொன்னனான். வாற சம்பந்தங்களைத் தட்டச் சொன்னது. படி கழுவுற விமலராணி வீட்டுக்குச் சுவிஸாலை ஆர் வரப்போறினம், பிள்ளை என்னோடை இருப்பாள் எண்டு நினைச்சன்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “அண்ணை, நான் இஞ்சை வரேக்கை அவளுக்குப் பன்னிரண்டு வயசு. மச்சாளிட்டை விட்டிட்டு வந்தனான். அவளைக் கூப்பிட எட்டு வருசம் ஆச்சுது. அந்த எட்டு வருசமும் என்ரை பிள்ளை வளந்ததைப் படத்திலைதான் பாத்தனான். உயரம் கூட அளக்கத் தெரியாது, பக்கத்திலை நிக்கிற கதிரையை வைச்சுக் கணக்குப் பாப்பன். திரும்பவும் படத்திலை பாக்கச் சொல்லுறீங்களோ? இந்தப் பாலத்தடியிலை அவள் நிக்கிற படம் வரும், நான் அதைச் சுவரிலை கொழுவவேணுமோ?”

செர்ஜ் தண்ணீர்க் கிளாசை அவள் பக்கம் நகர்த்தினான்.

நகுலேஸ்வரன் தன் றிப்போட்டைப் பார்த்தார். கூரைக்குக் கூரை போட்டு எழுதியிருந்தார். இந்த மனுசி கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு என்ன மறுமொழி வேண்டும் என்று அவர் தானாகவே முடிவு கட்டியிருந்தார். அந்தப் பெண்ணும் பெடியனும் அதே முடிவைக் கட்டி, அதற்கு மேலே ஒரு நாட்டையே கட்டியிருந்தார்கள். பத்தொன்பது வருடம் கடிதம் பிரித்தவருக்கு வெட்கமாக இருந்தது. தாளை நான்காகக் கிழித்தார்.

“தங்கச்சி, ஐந்தாவது ஒண்டு இருக்கு. அதை நான் எழுதேல்லை. அந்தப் பாலம் பகேரியாவிலை இருக்கு.”

விமலராணி அவரை வெறித்துப் பார்த்தாள்.

“பெடியன் சுவிஸை வாழ்க்கையிலை கண்டதில்லை. பகேரியாவிலை ஒரு கிழவன் வீட்டிலை வேலை. அந்தப் படங்களை எடுத்தது உங்கடை மகள். தையலும் இல்லை, மலையும் இல்லை. உங்களுக்குச் சுவிஸ் வேணும் எண்டு ரெண்டு பேரும் பயந்து செய்தது.”

குசினியில் சோற்றுப் பானை மூடி தாளம் போட்டது. அவள் அடித்துத் திட்டப்போகிறாள் என்று செர்ஜ் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தான்.

“பகேரியாவோ?” என்று கேட்டாள் விமலராணி.

“ஓம்.”

“ரெயினிலை எவ்வளவு நேரம்?”

“பதினைஞ்சு நிமிசம்.”

அவள் மேசையில் கவிழ்த்து வைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். முதல் தடவையாக அந்தப் பெடியனின் முகத்தைப் பார்த்தாள். நன்றாக நேரமெடுத்துப் பார்த்தாள்.

“நிண்டால் உயரமோ?”

“பாலத்தை விட உயரம் அக்கா,” என்றான் செர்ஜ்.

விமலராணி எழுந்து மணிக்கூட்டைப் பார்த்தாள். அடுப்பைத் தணித்தாள். அரிசிப் பேணியைத் திறந்து, இன்னும் இரண்டு பேருக்கு அளந்தாள்.

“ஒரு மணிக்குச் சாப்பாடு,” என்றாள். “போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ.”